பச்சை குத்திய கையும் தொழுகையும்

சென்ற முறை பழவேற்காட்டுக்குப் போயிருந்தபோது, அஸர் தொழுகை முடிந்ததும் ஒரு சகோதரர் ஸலாம் கூறி நம் அருகில் அமர்ந்தார். ஏரியில் இறால் பிடிப்பவர். மற்றவர்கள் எழுந்து போகும்வரை காத்திருந்துவிட்டு, "அஜரத், பச்சை குத்தின கையோட தொழுதா தொழுகை கூடுமா?" என்று தாழ்ந்த குரலில் கேட்டார். அவருடைய கைகளில் பச்சை ஏதும் இல்லை. தம் தாயாருக்காகக் கேட்கிறார் என்பது பிறகுதான் தெரிந்தது.

அந்த அம்மையார் பழவேற்காட்டுக்குத் தெற்கே, ஒருபுறம் வங்கக் கடலும் மறுபுறம் பக்கிங்காம் கால்வாயுமாகக் கிடக்கும் காட்டுப்பள்ளிப் பக்கத்துக் குப்பமொன்றில் பிறந்தவர். இன்று அங்கே துறைமுகமும் கப்பல் கட்டும் தளமும் வந்துவிட்டன. அவர் சிறுமியாக இருந்த காலத்தில் குறத்திகள் குப்பம் குப்பமாக வந்து, அரிசியும் பழம்புடவையும் வாங்கிக்கொண்டு பச்சை குத்திவிட்டுப் போவார்கள். ஒன்பது வயதில் அவரை மடியில் அமர்த்திப் பிடித்துக்கொண்டு இடது முன்கையில் ஒரு கோலமும், மணிக்கட்டில் ஒரு தேளும், மோவாயில் மூன்று புள்ளிகளும் குத்தினார்களாம். பிற்காலத்தில் அவர் இஸ்லாத்தைத் தழுவி, பழவேற்காட்டில் வாழ்க்கைப்பட்டு, அவ்வூர் முஸ்லிம் பெண்கள் பலரையும் போலப் பனையோலைக் கூடை முடையக் கற்று, நாற்பது ஆண்டுகளாகத் தொழுது வருகிறார். ஓராண்டுக்கு முன் பெண்களுக்கான பயான் ஒன்றில், பச்சை குத்தியவருக்கு ஒளுவும் இல்லை, குளிப்பும் இல்லை, மையித்தானால் குளிப்பாட்டினாலும் சுத்தமாகாது என்று யாரோ ஒருவர் சொல்லக் கேட்டிருக்கிறார். வீட்டுக்கு வந்து, சுண்ணாம்பையும் சலவைச் சோடாவையும் குழைத்துக் கையில் பூசித் துணியால் கட்டிக்கொண்டார். தோல் வெந்தது. பல வாரங்கள் புண்ணாகக் கிடந்தது. ஆறியபோது தேளின் ஒரு கால் மட்டும் மங்கியிருந்தது. மற்றதெல்லாம் அப்படியே இருந்தது. அன்றிலிருந்து, தொழுதும் பயனில்லை என்ற ஏக்கத்தோடே தொழுது வருகிறார்.

இந்த நிலையில் இருப்பவர் அவர் ஒருவர் மட்டுமல்லர். ஆகவே இச்சட்டத்தைச் சற்று விரிவாகவே பார்ப்போம்.

முதலில், பச்சை குத்துவது ஹராம் என்பதில் ஐயமில்லை. பச்சை குத்துகின்றவளையும் குத்திக்கொள்பவளையும் கண்மணி நாயகம் (ஸல்) அவர்கள் சபித்துள்ளார்கள் என்பதை இப்னு உமர் (ரலி) அவர்கள் அறிவிக்க, புகாரியும் முஸ்லிமும் பதிவு செய்துள்ளன. ஹதீஸின் சொல் பெண்பாலில் வந்திருப்பதால் ஆண்களுக்குச் சலுகை என்று எவரும் எண்ணிவிடக் கூடாது. அக்கால அரபு நாட்டில் அவ்வழக்கம் பெண்களிடமே மிகுந்திருந்தது. ஊசியால் கையையோ மணிக்கட்டையோ உதட்டையோ இரத்தம் வரும்வரை குத்தி, அதில் சுருமாவை நிரப்புவார்கள் என்று இமாம் நவவி (ரஹ்) அவர்கள் விளக்குகிறார்கள். நம் நாட்டுக் குறத்தி செய்ததும் இதே வேலைதான். அகத்திக் கீரையும் மஞ்சளும் சேர்த்த திரியை விளக்கில் எரித்து, மேலே சட்டியைக் கவிழ்த்துப் பிடித்த கரியைத் தாய்ப்பாலில் குழைத்து, நூலால் கட்டிய ஊசிகளால் குத்துவாள். பூசும்போது கருமை, தோலுக்கடியில் போனபின் பச்சையாகத் தெரியும், பெயரும் அதனாலேயே வந்தது. செத்தால் கூடவே வரும் நகை இது ஒன்றுதான் என்றும், கண்ணேறு படாது என்றும், கடலில் போனவன் உடல் ஒதுங்கினால் அடையாளம் தெரியும் என்றும் காரணங்கள் சொல்வார்கள். கடைசிக் காரணத்தைச் சொல்லும் தாயின் வேதனை நமக்குப் புரிகிறது. ஆனாலும் அடையாளத்துக்கு வேறு வழிகள் உண்டு.

குர்ஆனில் இது எங்கே இருக்கிறது என்று கேட்பவர்கள் இன்றும் உண்டு. அன்றும் கேட்டார்கள். இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்கள் இந்தச் சாபத்தை எடுத்துரைத்தபோது, பனூ அஸத் கூட்டத்தைச் சேர்ந்த உம்மு யஃகூப் என்ற பெண்மணி நேரே வந்து, தாம் குர்ஆனை முதல் அட்டையிலிருந்து கடைசி அட்டைவரை ஓதியதாகவும் இதைக் காணவில்லை என்றும் வாதிட்டார். தூதர் தருவதை ஏற்று, அவர் தடுப்பதை விட்டு விலகும்படி கட்டளையிடும் வசனத்தை (59:7) ஓதவில்லையா என்று இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்கள் கேட்டார்கள். அப்பெண்மணி அத்துடன் விடவில்லை; உங்கள் மனைவியே இவற்றில் சிலதைச் செய்கிறார் போலிருக்கிறதே என்றார். போய்ப் பாருங்கள் என்று அனுப்பினார்கள். பார்த்துவிட்டு, ஒன்றும் இல்லை என்று திரும்பி வந்தார். சட்டம் சொல்பவரின் வீட்டுக்குள் போய்ப் பார்த்துவரும் உரிமை ஒரு சாதாரணப் பெண்ணுக்கு இருந்த காலம் அது!

அல்லாஹ்வின் படைப்பை மாற்றும்படி மனிதரை ஏவுவேன் என்று ஷைத்தான் சூளுரைத்த செய்தியும் (4:119) இவ்விடத்தில் நினைவுகூரத் தக்கது. பச்சை குத்துவதையே தொழிலாக வைத்துச் சம்பாதிப்பதும் கூடாது. நாயின் விலை போன்றவற்றை நபி (ஸல்) அவர்கள் தடுத்ததை அறிவிக்கும் அபூ ஜுஹைஃபா (ரலி) அவர்களின் ஹதீஸிலேயே பச்சை குத்துபவள் மீதான சாபமும் சேர்ந்து வருகிறது. பிறைச் சின்னத்தையும், அல்லாஹ்வின் திருநாமத்தையே கூடவும் கையில் குத்திக்கொண்டு, பக்தி என்று எண்ணும் இளைஞர்களைக் காண்கிறோம். அந்தக் கையோடு கழிப்பறைக்கும் போகவேண்டியிருக்கிறது என்பதை அவர்கள் எண்ணிப் பார்க்கவில்லை.

இனி, ஏற்கெனவே குத்தப்பட்டவரின் நிலை என்ன? இங்கேதான் பலரும் தடுமாறுகிறார்கள்.

ஷாபிஈ மத்ஹபில், பச்சை குத்திய இடத்தில் இரத்தமும் மையும் கலந்து தங்குவதால் அவ்விடம் நஜீஸ் என்று கொள்ளப்படுகிறது. ஆகவே பருவமடைந்த ஒருவர் தாமே விரும்பிக் குத்திக்கொண்டு, தீங்கில்லாமல் மருந்தால் நீக்க முடியும் என்ற நிலையில் இருந்தால் நீக்குவது கடமை. பயானில் பேசியவர் இதை மட்டும் எடுத்துக்கொண்டார் போலும். ஆனால் அதே இமாம் நவவி (ரஹ்) அவர்கள் அதே இடத்தில் தொடர்ந்து சொல்வதை அவர் விட்டுவிட்டார். காயப்படுத்தினால்தான் நீங்கும் என்றிருந்து, அதனால் உயிருக்கோ உறுப்புக்கோ உறுப்பின் பயனுக்கோ கேடு வருமென்றோ, வெளியே தெரியும் உறுப்பில் அலங்கோலம் உண்டாகுமென்றோ அஞ்சினால் நீக்கவேண்டியதில்லை. தவ்பாச் செய்தால் பாவமும் நிற்காது. சிறு பிள்ளைக்குக் குத்தியிருந்தால் குத்தியவருக்கே பாவம், பிள்ளைக்கு இல்லை. மார்க்கக் கட்டளை அப்போது அதன்மீது விதியாகவில்லை அல்லவா? இவ்வாறு காரணமுள்ளவரின் ஒளுவும் தொழுகையும் கூடும், அவர் இமாமாக நின்றாலும் கூடும் என்று பிந்திய ஷாபிஈ நூல்கள் தெளிவாக்குகின்றன. ஹனபி மத்ஹபில் இன்னும் எளிது. நஜீஸான சாயம் தோய்ந்த துணியைக் கழுவிய பின் நிற்கும் நிறத்துக்குக் குற்றமில்லை என்பதுபோல, கழுவியதும் சுத்தமாகிவிடும்; தோலை உரிக்கும்படி எவரையும் ஏவமுடியாது என்று இப்னு ஆபிதீன் (ரஹ்) அவர்கள் எழுதுகிறார்கள்.

ஒளுவுக்கு வருவோம். ஒளுவைத் தடுப்பது தோலின்மேல் படிந்து, தண்ணீரைத் தோலில் படவிடாமல் மறைக்கும் பொருள்தான். பச்சை, தோலுக்கு மேலே இல்லை, உள்ளே இருக்கிறது. தண்ணீர் தோலில் தாராளமாகப் படுகிறது. மேல்தோல் ஏறத்தாழ ஒரு மாதத்துக்கொரு முறை உதிர்ந்து புதிதாகிறது. மையோ அதற்கும் கீழே உள்தோலில், உடம்பின் காவல் அணுக்களால் விழுங்கப்பட்டுத் தங்கிவிடுகிறது. அந்த அம்மையாரின் சுண்ணாம்பு மேலே தோலை வேகவைத்ததே தவிர, மையை எட்டாமல் போனதன் காரணமும் இதுதான். சுண்ணாம்பும் சலவைச் சோடாவும் ஈரத்தில் சேர்ந்தால் காரச் சோடா உண்டாகிறது. சாக்கடை அடைப்பை நீக்கப் பயன்படும் பொருள் அது! சேங்கொட்டை, அமிலம் என்று கிராமங்களில் சொல்லும் மற்ற வைத்தியங்களும் இந்த வகைதான். நீக்குவதற்கு இன்று லேசர் சிகிச்சை உண்டு. ஒளிக்கதிர் மையைப் பொடியாக்க, உடம்பு அதைச் சிறிது சிறிதாக வெளியேற்றும். பல வாரங்கள் இடைவெளி விட்டுப் பலமுறை செய்யவேண்டும். கறுப்பு மை எளிதில் மங்கும். பச்சை, மஞ்சள் நிறங்கள் எளிதில் போவதில்லை. நம்மைப் போன்ற கருநிறத் தோலில் வெண்திட்டோ தழும்போ விழவும் கூடும். வசதியும் தோல் மருத்துவரின் ஆலோசனையும் உள்ள இளைஞர் செய்துகொள்ளட்டும். கூடை முடைந்து வயிறு கழுவும் மூதாட்டியிடம் போய் இதைக் கடமை என்று சொல்லவேண்டாம்.

உண்மையில் கடலோர மக்கள் ஒளுவில் கவனிக்க வேண்டியது வேறு ஒன்று. மீன் அரியும் பெண்கள் கையிலும் முழங்கையிலும் செதில் ஒட்டிக் காய்ந்திருக்கும். மீன் தோல் ஒட்டிக் காய்ந்திருந்தால் அதை நீக்காமல் குளிப்பு நிறைவேறாது என்று பழைய சட்ட நூல்களிலேயே எழுதியிருக்கிறது. படகுக்குக் கீல் பூசுபவர், பைபர் படகுக்குப் பசை ஒட்டுபவர் கைகளிலும் அப்படியே. நகப்பூச்சும், ஒரு வாரத்தில் உரிந்துபோகும் ஒட்டுப் படங்களும் மேலே படலமாக நிற்பதால் ஒளுவைத் தடுக்கும். வாழ்நாளெல்லாம் நிற்கும் பச்சை ஒளுவைத் தடுக்காது, ஒரு வாரப் படம் தடுக்கும்! மருதோன்றி தோலில் நிறத்தை மட்டுமே விடுகிறது. பெண்களுக்கு அது ஆகுமான அழகு. கடைகளில் கறுப்பு மருதோன்றி என்று விற்பதில் தலைச்சாய இரசாயனம் கலந்திருப்பதுண்டு, கொப்புளம் போடும், அதைத் தவிர்க்கவும்.

புதிதாகக் குத்திக்கொண்டு வந்து நிற்கும் பிள்ளையை வீட்டார் என்ன செய்வது? முதலில் அது ஒரு புண் என்பதை நினைக்கவேண்டும். பலருக்குப் பயன்படுத்திய ஊசியால் மஞ்சட்காமாலைக் கிருமியும் எய்ட்ஸ் கிருமியும் தொற்றலாம். மருத்துவரிடம் காட்டிப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது. நம் நாட்டு இரத்த வங்கி விதிப்படி ஓராண்டுக்கு இரத்ததானம் செய்யவும் இயலாது. ஆறும்வரை ஏரியிலோ கடலிலோ இறங்கவிடக் கூடாது. வெதுவெதுப்பான உப்பங்கழி நீரில் வாழும் ஒருவகைக் கிருமி புண்வழியே புகுந்தால் உயிருக்கே உலை வைக்கும். கால் பச்சை ஆறுமுன் ஐந்தாம் நாள் மெக்சிகோ வளைகுடாவில் நீந்திய, ஈரல் நோயுள்ள ஒருவர் இக்கிருமியால் இறந்ததை 2017-இல் மருத்துவ இதழ் ஒன்று வெளியிட்டது. அந்நாட்களில் தண்ணீர் படக்கூடாதென்று மருத்துவர் சொன்னால், ஷாபிஈ முறைப்படி நல்ல இடத்தைக் கழுவி, கட்டின்மேல் ஈரக்கையால் தடவி, புண்ணுக்காகத் தயம்மும் செய்துகொள்ளலாம். தொழுகையை விடக் காரணமில்லை. புற்றுநோய்க்குக் கதிர்ச் சிகிச்சை கொடுக்கும்போது, கதிர் ஒரே இடத்தில் விழுவதற்காகத் தோலில் கடுகளவு மைப்புள்ளி குத்துவார்கள். அது நிர்ப்பந்தம், அழகுக்காகச் செய்வதோடு அதைச் சேர்க்கக் கூடாது.

இவ்வளவையும் அந்த அம்மையாரின் வீட்டுத் திண்ணையிலிருந்து, திரைக்கு அப்பால் இருந்த அவருக்கு எடுத்துச் சொன்னோம். சட்டம் புரிந்தது, ஆனாலும் மனம் ஆறவில்லை. "அப்ப நல்லவங்க யாருக்காச்சும் இப்படிக் கையில இருந்திருக்குதா, அஜரத்?" என்று கேட்டார்.

இருந்திருக்கிறதம்மா என்று சொன்னோம். கைஸ் இப்னு அபீ ஹாஸிம் (ரஹ்) என்ற தாபிஈ, தம் தந்தையுடன் ஹஸரத் அபூபக்ர் சித்தீக் (ரலி) அவர்களிடம் சென்றபோது, அவர்களின் துணைவியார் அஸ்மா பின்த் உமைஸ் (ரலி) அவர்களின் கையில் பச்சை குத்தியிருந்ததைக் கண்டதாக அறிவிக்கிறார்கள். தடை வருமுன் செய்தது கையில் நிலைத்துவிட்டது என்று இமாம் தபரீ (ரஹ்) அவர்கள் விளக்கம் தருகிறார்கள். ஸஹீஹான தொடர் என்று இப்னு ஹஜர் (ரஹ்) அவர்கள் ஃபத்ஹுல் பாரியில் எடுத்தெழுதுகிறார்கள். அபிசீனியாவுக்கும் மதீனாவுக்கும் ஹிஜ்ரத் செய்த கை அது. சித்தீக் (ரலி) அவர்கள் வபாத்தானபோது, அவர்களின் மரண சாசனப்படி அவர்களைக் குளிப்பாட்டிய கையும் அதுவே.

திரைக்கு அப்பால் வெகுநேரம் பேச்சில்லை. பிறகு, "என்னையும் குளிப்பாட்டுவாங்களா?" என்று மட்டும் கேட்டார்.

மையித்திலிருந்து பச்சையை நீக்கக் கூடாது. உயிரோடிருந்தபோது நீக்குவது கடமையாயிருந்து நீக்காமல் இறந்தவருக்கும்கூட, இறந்தபின் நீக்கலாகாது என்பதே ஷாபிஈ மத்ஹபின் சரியான கூற்று. மையித்தின் எலும்பை ஒடிப்பது உயிருள்ளவரின் எலும்பை ஒடிப்பதைப் போன்றது என்பது நபிமொழி. குளிப்பாட்டும் பெண்கள் அவ்விடத்தைத் தேய்க்காமலும் சுரண்டாமலும், மற்ற உறுப்புகளைப் போலவே தண்ணீர் ஊற்றிக் கழுவிக் கபனிட வேண்டும். கண்டதை வெளியே பேசவும் கூடாது. அவ்வூரில் மையித்துக் குளிப்பாட்டும் பெண்கள் இருவரையும் மகன் மூலம் அழைத்து, அவர் காதில் விழும்படியே இதைச் சொல்லிவிட்டு வந்தோம்.