கட்டையும் சுருதிக் குறியும்

பெங்களூரு விவேக் நகரிலுள்ள குழந்தை இயேசு திருத்தலத்தில் தமிழ், கன்னடம், ஆங்கிலம் ஆகிய மொழிகளில் வழிபாடு நடைபெறுகின்றது. இத்தகைய ஆலயங்களிலும் பள்ளிகளிலும் பாட்டுக் கற்பிப்போர்க்கு ஓர் இடர்ப்பாடு நேர்வதுண்டு. ஆசிரியர் தமக்கு இசைந்த சுருதியில் தொடங்குகின்றார். சிறுவர்கள் மேற்சுரங்களில் கத்துகின்றனர், அல்லது கீழ்ச்சுரங்களில் குரலடங்கிப் போகின்றனர். சுருதியை மாற்ற எண்ணி, ஆர்மோனியத்தின் வெள்ளைக் கட்டைகளிலேயே வேறோரிடத்திலிருந்து வாசித்தால் மெட்டே திரிந்துவிடுகின்றது. இதன் காரணத்தை அறிந்தவர்க்கு மேனாட்டு இசையின் சுருதிக் குறி எளிதில் விளங்கும்.

நம்மவர் சுருதியைக் ‘கட்டை’ எனக் கூறுவர். 1 கட்டை என்பது மேனாட்டார் ‘சி’ என வழங்கும் சுரம். நடு ஸ்தாயியில் அது வினாடிக்கு ஏறத்தாழ 262 அதிர்வுகளை உடையது. 2 கட்டை ‘டி’; 5 கட்டை ‘ஜி’. கறுப்புக் கட்டைகள் ஒன்றரை, இரண்டரை, நான்கரை, ஐந்தரை, ஆறரை எனப்படும். மூன்றரைக் கட்டையும் ஏழரைக் கட்டையும் இல்லாமை கருதத்தக்கது. மூன்றுக்கும் நான்குக்கும் இடையிலும், ஏழுக்கும் மேல் ஒன்றுக்கும் இடையிலும் அரைச்சுர இடைவெளியே உண்டு. ஏனைய வெள்ளைக் கட்டைகளுக்கிடையே முழுச்சுர இடைவெளி.

1 கட்டையைச் சட்ஜமாகக் கொண்டு வெள்ளைக் கட்டைகளை வரிசையாக வாசித்தால் 29ஆம் மேளமாகிய சங்கராபரணம் பிறக்கும். மேனாட்டார் ‘மேஜர்’ என்பது இதுவே. இதன் இடைவெளிகள் முழு, முழு, அரை, முழு, முழு, முழு, அரை. இதே ஒழுங்கை 5 கட்டையிலிருந்து அமைத்தால் 5, 6, 7, 1, 2, 3 வரை வெள்ளைக் கட்டைகளே போதுமானவை. ஆனால் நிஷாதம் நான்கில் நில்லாது நான்கரைக்கு உயர்தல் வேண்டும். உயராவிடின் அது 28ஆம் மேளமாகிய அரிகாம்போதி ஆகிவிடும். மெட்டுத் திரிந்ததன் காரணம் இதுவே. 4 கட்டையிலிருந்து தொடங்கினாலோ மத்திமம் ஏழில் நில்லாது ஆறரைக்கு இறங்கும்.

உயர்த்த வேண்டிய சுரத்திற்கு ‘ஷார்ப்’ என்ற குறியையும், இறக்க வேண்டியதற்கு ‘ஃபிளாட்’ என்ற குறியையும் வரியின் தொடக்கத்திலேயே இடுவர். இதுவே சுருதிக் குறி. 5 கட்டைக்கு ஒரு ஷார்ப். அதன் பஞ்சமமாகிய 2 கட்டைக்கு இரண்டு. பஞ்சமந்தோறும் ஒன்று கூடும். ஆயினும் ஒரு ஷார்ப் கண்டவுடன் 5 கட்டை எனத் துணிதல் கூடாது. 3 கட்டையில் அமைந்த ‘மைனர்’ பாட்டிற்கும், அதாவது நடபைரவிக்கும், அதே குறிதான். பாட்டு எச்சுரத்தில் முடிகின்றது எனக் காண்க.

நம் இசைக்கு இக்குறி தேவைப்படாமை குறையன்று. தம்புரா சட்ஜத்தை நிறுத்திவிடுகின்றது. ஏனைய சுரங்கள் அதனைச் சார்ந்தே பெயர் பெறுகின்றன. சட்ஜத்தை இடம் மாற்றிப் புதிய பாலைகளைப் பெறும் முறையும் தமிழர்க்குப் பழையது. சிலப்பதிகாரமும் அதன் உரைகளும் இதனைப் பேசுகின்றன. ஆபிரகாம் பண்டிதர் 1917இல் வெளியிட்ட கருணாமிர்த சாகரத்தில் இதனை விரிவாக ஆராய்ந்தார்.

பஞ்சமத்தின் விகிதம் 3:2. பன்னிரு பஞ்சமங்கள் ஏறினால் அதிர்வெண் சுமார் 129.75 மடங்காகும், ஏழு ஸ்தாயிகளோ 128 மடங்கே. இம்மிகுதியைப் பன்னிரண்டு பஞ்சமங்களுக்கும் சமமாகப் பகிர்ந்து குறைத்தமையால்தான் கீபோர்டில் எக்கட்டையிலிருந்தும் ஒன்றுபோல வாசிக்க இயலுகின்றது. அதற்கு விலையும் உண்டு: அந்தர காந்தாரம் இயல்பான 1.25 மடங்கில் நில்லாது 1.26க்குச் சற்று ஏறி நிற்கும். ஆர்மோனியத்தை அகில இந்திய வானொலி 1940 முதல் 1971 வரை விலக்கி வைத்ததற்குக் கூறப்பட்ட காரணங்களுள் இந்த நிலைத்த சுரமும் ஒன்று. கமகம் இசைக்க இயலாமை மற்றொன்று.

இக்காலக் கீபோர்டில் சுருதியை மாற்ற ஒரு பொத்தான் உண்டு. அதனையே நம்பியிருப்பவர், மின்சாரம் நின்று பழைய ஆர்மோனியம் கைக்கு வரும் நாளில் திகைப்பர். ஆகவே மாணவர் 2 கட்டைச் சங்கராபரணத்தைத் தாமே எழுதிப் பார்த்தல் நன்று: 2, 3, நான்கரை, 5, 6, 7, ஒன்றரை.