வெப்பம் சுமக்கும் நீர்

சங்கரன்கோவில் பகுதியில் கரிசல் நிலம் சூழ்ந்த ஊர்களுள் ஒன்று குருவிகுளம். சித்திரை வெயிலில் அங்குத் திண்ணையும் சுடும், சுவரும் சுடும். அவ்வேளையில் மண்பானை நீரை அருந்துவோர் அதன் தண்மையை வியவாதிரார். பானையின் நுண்துளைகள் வழியே கசியும் நீர், ஆவியாகும்போது உள்ளிருக்கும் நீரின் வெப்பத்தைக் கவர்ந்து செல்கின்றது. நீர் வெப்பத்தைச் சுமந்து செல்லவல்லது. அவ்வாற்றலைக் கொண்டு கணிப்பொறியின் வன்தட்டையும் ஓசையின்றிக் குளிர்விக்கலாம்.

நாம் எழுதுவனவற்றையும் எடுக்கும் படங்களையும் காத்து வைக்கும் கருவியே வன்தட்டு. ஐ.பி.எம். நிறுவனம் 1956ஆம் ஆண்டில் வெளியிட்ட முதல் வன்தட்டில், 24 அங்குல விட்டமுடைய 50 தட்டுகள் இருந்தன. இன்றைய வன்தட்டோ உள்ளங்கையில் அடங்கும். அதனுள் தட்டுகள் நிமிடத்திற்கு 5,400 அல்லது 7,200 முறை சுழல்கின்றன. இச்சுழற்சியால் வெப்பமும் பிறக்கின்றது, அதிர்வும் பிறக்கின்றது. அதிர்வு பெட்டியைத் தாக்கி ஓசையாகின்றது. இரவில் படிப்போர்க்கு அவ்வோசை பெருந்தொல்லையன்றோ?

ஓசையை அடக்க வன்தட்டைப் பஞ்சால் மூடினால், வெப்பம் உள்ளேயே தங்கிவிடும். வெப்பம் வெளியேற மின்விசிறி வைத்தால், மீண்டும் ஓசை எழும். இவ்விரு துன்பங்களையும் ஒருங்கே தீர்ப்பது நீர். ஒரே கன அளவுள்ள காற்றைக் காட்டிலும் நீர் ஏறத்தாழ 3,500 மடங்கு வெப்பத்தை ஏற்கும். ஆதலால் மெல்லென ஓடும் சிறு நீரோட்டமே போதும்.

அமைக்கும் முறை எளிது. செம்புத் தகடுகள் இரண்டில் செம்புக் குழாயைப் பற்றவைத்து, அவற்றை வன்தட்டின் இரு பக்கங்களிலும் பொருத்துதல் வேண்டும். அதன் காற்றுத் துளையை அடைத்தல் கூடாது. மின்சுற்றுப் பலகையில் உலோகம் படுதலும் கூடாது. பின்னர் வன்தட்டை ரப்பர்ப் பட்டைகளில் தொங்கவிட்டால் அதிர்வு பெட்டியை அடையாது. 12 வோல்ட்டில் இயங்கும் சிறு பம்பு, நீரைப் பெட்டிக்கு வெளியே நிழலில் வைத்த அகன்ற செம்பு ரேடியேட்டருக்குச் செலுத்தும். அங்கு வெப்பம் காற்றில் கலக்கும். ஆறிய நீர் திரும்பி வரும். உப்பு நீர் குழாயில் படியுமாதலின் வாலைவடிநீரே ஏற்றது. செம்போடு அலுமினியத்தைச் சேர்த்தால் அரிப்பு உண்டாகும்.

ரேடியேட்டர் இன்றி, 5 லிட்டர் நீர் மட்டும் போதாதோ எனச் சிலர் வினவலாம். இரு வன்தட்டுகள் 15 வாட் வெப்பம் வெளியிடுவதாகக் கொள்வோம். அந்நீர் ஏறத்தாழ 23 நிமிடங்களுக்கு ஒரு பாகை வீதம் சூடேறத் தொடங்கும். நீர் வெப்பத்தை அழிப்பதில்லை, சுமந்து செல்கின்றது. சுமையை இறக்கி வைக்க ஓரிடம் வேண்டும். மேலும், இது மூடிய குழாயில் ஓடும் நீர். பானை நீரைப்போல் ஆவியாவதில்லை. ஆகவே அறையின் காற்று 38 பாகையாயின், இந்நீர் அதற்குக் கீழே குளிராது. இவ்வெல்லையை அறிந்தே இதனைக் கையாளுதல் வேண்டும்.

திருச்சிராப்பள்ளித் தேசியத் தொழில்நுட்பக் கழகத்தில் 2022ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற 'பரம் பொருள்' என்னும் மீத்திறன் கணிப்பொறியும் நீர்மத்தாலேயே குளிர்விக்கப்படுகின்றது. சிறிய கருவிக்கும் பெரிய கருவிக்கும் நெறி ஒன்றே.

மாணவர்களே! நீரும் மின்சாரமும் சேரின் கேடு விளையும். எனவே இதனைப் பெரியோர் துணையுடன் செய்யுங்கள். கணிப்பொறியை இணைக்குமுன் ஒரு பகலும் ஓர் இரவும் நீரை ஓடவிட்டு, இணைப்புகளின் கீழே உலர்ந்த தாளை விரித்துக் கசிவு உண்டா எனப் பாருங்கள். வன்தட்டில் உள்ளவற்றைப் பிறிதோரிடத்தில் படியெடுத்து வையுங்கள். உடைந்த கருவியை மீண்டும் வாங்கலாம். அழிந்துபோன எழுத்தை எக்கடையில் வாங்குவது?