கடைசி வரிசைப் பிள்ளைகளுக்கும் சேர்த்து

அன்புத் தம்பிக்கு,

சிவகாசிப் பக்கம் விஸ்வநத்தத்தில் சாயங்கால வகுப்பு தொடங்கி, கும்மியும் ஒயிலும் தேவராட்டமும் சொல்லித்தரப் போவதாக எழுதியிருந்தாய். படித்ததும் சந்தோஷமாக இருந்தது. கடைசியில் போகிறபோக்கில் ஒரு வரி சேர்த்திருந்தாய்: அடுத்த கலைத்திருவிழாவுக்குள் பத்துப் பிள்ளைகளைத் தேற்றிவிட வேண்டும் என்று. அந்த ஒரு வரிக்காகத்தான் இத்தனை நீளக் கடிதம்.

பத்துப் பேரைத் தேற்றினால் மிச்சப் பிள்ளைகள் என்ன செய்வார்கள்? சுவரோரம் உட்கார்ந்து கைதட்டுவார்கள். 2022 முதல் பள்ளிக் கல்வித்துறை நடத்துகிற கலைத்திருவிழாவை நான் குறை சொல்லவில்லை. அரசுப் பள்ளிப் பிள்ளைக்கு ஒரு மேடை கிடைப்பது பெரிய விஷயம். ஆனால் போட்டி என்று வந்துவிட்டால் வாத்தியார் கண் நன்றாக ஆடுகிற பிள்ளை மேலேயே போய் நிற்கும். பருத்த பிள்ளை, கூச்சப் பிள்ளை, தாளம் பிடிபடாத பிள்ளை, இவர்கள்தான் முதலில் கழிபடுவார்கள். உடம்பை அசைக்க வேண்டிய தேவை அதிகம் உள்ளவர்களும் அவர்கள்தான். பங்குனிப் பொங்கலில் முளைப்பாரியைச் சுற்றிக் கும்மி கொட்டும்போது யாராவது ஆள் பொறுக்குகிறார்களா? கை இருக்கிறவர்கள் எல்லாரும் கொட்டுகிறார்கள். தாளம் தவறினால் பக்கத்தில் நிற்கிற அத்தை ஒரு இடி இடிப்பாள், அவ்வளவுதான்.

உன் ஊர்ப் பிள்ளைகளின் உடம்பைப் பற்றிக் கொஞ்சம் யோசித்துப் பார். அவர்களுடைய பாட்டிமாரில், சில வீடுகளில் அம்மாமாரில்கூட, பத்து வயதுக்குள் தீப்பெட்டி ஆபீசுக்குப் போனவர்கள் உண்டு. சம்மணமிட்டுக் குனிந்து நாளெல்லாம் தீக்குச்சியைக் கட்டையில் அடுக்கிவிட்டு, வீட்டுக்கு வந்தும் பெட்டி ஒட்டியவர்கள். 1986ஆம் ஆண்டுச் சட்டம் தீப்பெட்டி, பட்டாசு வேலைகளில் குழந்தைகளை ஈடுபடுத்துவதைத் தடை செய்தது. 1988இல் தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டம் வந்தபோது முதலில் எடுத்துக்கொண்ட பகுதிகளில் சிவகாசியும் ஒன்று. பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கு வந்தார்கள். அந்த மாற்றத்தின் அருமை தெரிந்தவன் நான். ஆனால் வேலைக்காகக் குனிந்த கழுத்து இப்போது டியூஷனுக்கும் செல்போனுக்கும் குனிந்திருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. பட்டாசு ஆலையின் மருந்து அறையில் உரசல் என்றாலே உயிர்ப்பயம். ஓடாதே, குதிக்காதே, எதையும் தட்டாதே என்று பகலெல்லாம் தன்னை அடக்கி வேலை பார்க்கிற தாய் தகப்பன், வீட்டுக்கு வந்ததும் பிள்ளையைப் பார்த்து "சும்மா ஓரிடத்தில் உட்காரு" என்று சொன்னால் அதில் ஆச்சரியம் இல்லை. அந்த வீடுகளிலிருந்து வருகிற பிள்ளைகளிடம்தான் நீ "குதி" என்று சொல்லப்போகிறாய்.

5 முதல் 17 வயது வரை உள்ளவர்களுக்கு ஒரு நாளைக்குச் சராசரியாக 60 நிமிடம் மூச்சு வாங்குகிற அளவு உடலுழைப்பு வேண்டும், வாரத்தில் மூன்று நாளாவது எலும்பையும் தசையையும் உறுதிப்படுத்தும் பயிற்சி வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020இல் சொன்னது. 2016ஆம் ஆண்டுக் கணக்குப்படி உலகத்தில் 11 முதல் 17 வயதுள்ளவர்களில் 81 சதவீதம் பேருக்கு அந்த அளவு அசைவே இல்லை. இதற்கு மைதானமும் உபகரணமும் வேண்டும் என்று காத்திருந்தால் நம் பிள்ளைகளுக்குக் கல்யாணமே ஆகிவிடும்.

நம் ஆட்டங்களில் இந்தப் பயிற்சி முழுக்க அடங்கியிருக்கிறது. கும்மியில் குனிந்து கொட்டி நிமிர்கிறோம், இடுப்பும் முதுகும் வேலை செய்கின்றன. ஒயிலில் துணியை வீசி முன்னும் பின்னும் போகும்போது தோளும் முழங்காலும் சேர்ந்து இயங்கும். தேவராட்டம் இன்னும் கடுமை. பாட்டே இல்லை, உறுமியின் அடிதான் கட்டளை. குந்தி எழுவதும் சுழல்வதும் துள்ளுவதும் காலம் ஏற ஏறத் தொடையைப் பிழிந்துவிடும். மெதுவாகத் தொடங்கி வேகம் ஏற்றி அடக்குகிற முறையை நீ புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை, ஆட்டத்திலேயே இருக்கிறது. துள்ளித் துள்ளி இறங்குகிற கால் எலும்புக்கு வளர்கிற வயதில் பலம் கூடுகிறது. இதையெல்லாம் பிள்ளைகளிடம் விளக்கிக்கொண்டிருக்காதே. உடற்பயிற்சி என்று சொன்ன நிமிடம் பாதிப் பேருக்கு வயிறு வலிக்கும்.

இந்த யோசனை நமக்கு முன்பே ஒருவருக்கு வந்திருக்கிறது. வங்காளத்தில் குருசதய் தத் என்று ஒரு ஐ.சி.எஸ். அதிகாரி. பீர்பூம் மாவட்டத்தில் மறைந்துகொண்டிருந்த ராய்பென்ஷே என்ற வீர ஆட்டத்தைப் பார்த்து மயங்கி, 1932இல் பிரதசாரி என்ற இயக்கத்தைத் தொடங்கினார். கிராமத்து ஆட்டமும் பாட்டும்தான் அதில் உடற்பயிற்சி. கலெக்டர் வேலையில் இருந்தவர் தானே இறங்கி ஆடினார் என்பதுதான் எனக்குப் பிடித்தது. நீயும் ஓரமாக நின்று விசில் ஊதாதே.

இனி வேலைக்கு வருவோம். சிமெண்டுத் தரையில் துள்ளவிடாதே, முழந்தாளுக்குக் கீழே எலும்பு வலிக்கத் தொடங்கிவிடும். மண் தரை தேடு, கண்ணாடிச் சில்லும் கல்லும் இல்லாமல் முதலில் நீயே பெருக்கு. நம் பக்கத்து வெயில் தெரியும். கோடையில் காலை ஆறரைக்கு வை, மற்ற மாதங்களில் சாயங்காலம் ஐந்து மணிக்கு முன்னால் தொடங்காதே. நடுவில் தண்ணீர் குடிக்கவிடு. ஆடிக்கொண்டே பேச முடிகிறது, பாட முடியவில்லை என்றால் வேகம் சரி. பேச்சே வரவில்லை என்றால் காலத்தைக் குறை. சின்னதுகளுக்குக் கும்மி போதும், எட்டு ஒன்பது வயதில் கோலாட்டக் கோலைக் கையில் கொடு, கால் நிதானம் வந்த பிறகு தேவராட்டம். கரகத்தை வளர்கிற கழுத்தில் ஏற்றாதே, யார் கேட்டாலும். ஓய்வு வேண்டும் என்று ஒரு பெண்பிள்ளை சொன்னால் காரணம் கேட்காதே. வயதுக்கு வந்ததும் நின்றுவிடுகிற பெண்பிள்ளையின் வீட்டுக்கு, தெரிந்த அக்கா ஒருத்தியைக் கூட்டிக்கொண்டு நேரில் போய்ப் பேசு.

தேவராட்டத்தைப் பல தலைமுறையாகக் கட்டிக்காத்தவர்கள் கம்பளத்து நாயக்கர்கள். தூத்துக்குடி மாவட்டத்து ஜமீன் கோடாங்கிபட்டி அதற்குப் பேர்போன ஊர். செல்போனில் பார்த்து அடவு பழகிக்கொண்டு வந்து நிற்காமல், பெரியவர் ஒருவரை அழைத்துவந்து, வெற்றிலை பாக்கோடு சம்பளமும் வைத்துக் கொடு. பறை சொல்லித்தர நினைத்தால் "அது நமக்கெதுக்கு" என்று சில வீடுகளில் முகம் சுளிப்பார்கள். பதில் சொல்லத் தயாராக இரு. மதுரைப் பக்கத்துப் பறைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ கிடைத்தது, அதையும் சொல். கேட்காவிட்டாலும் பறையை நிறுத்தாதே. எல்லாப் பிள்ளைகளும் எல்லாத் தோலையும் தொடட்டும்.

போட்டிக்கும் அனுப்பு, வேண்டாம் என்று சொல்லவில்லை. வகுப்பு முடிந்த பிறகு தனியாக அரைமணி அதற்கு ஒதுக்கிக்கொள். வகுப்பில் வட்டம்தான் இருக்க வேண்டும். வரிசை கட்டினால் வாரம் ஒருமுறை கடைசி வரிசையை முன்னால் கொண்டுவா.

ஆடிப்பெருக்குக்குப் பூஜை போட்டுப் பட்டாசு விற்பனை தொடங்கியதும் ஊரே தலைதெறிக்க ஓடும். தீபாவளி வரை பெரியவர்கள் இருட்டித்தான் வீடு திரும்புவார்கள், தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொள்ளும் பெரிய பிள்ளைகள் வகுப்புக்கு வரமாட்டார்கள். ஆள் குறைகிறது என்று அந்த மாதங்களில் வகுப்பை மூடிவிடாதே. இடுப்பில் இருக்கிற குழந்தையோடு வரச்சொல். குழந்தையை ஓரமாகப் பாய் விரித்து உட்காரவைக்கலாம், இல்லையென்றால் நீ கொஞ்சம் தூக்கி வைத்துக்கொள்.

அன்புடன்,
அண்ணன்