ஞாயிறு எங்கள் சமையல், திங்கள் பள்ளிக்கூடம்

பிள்ளைகளுக்குச் சாப்பாடு போட வேண்டும் என்று கிளம்புகிற நண்பர்களிடம் நான் முதலில் கேட்பது, "எந்தக் கிழமை?" என்றுதான். என்ன சமைப்பது, எத்தனை பேருக்கு என்பதெல்லாம் அப்புறம். தமிழ்நாட்டில் அரசுப் பள்ளிக்குப் போகிற பிள்ளைக்குப் பள்ளி நாளில் மதியம் முட்டையோடு சோறு உண்டு. 2022 செப்டம்பரில் தொடங்கி, 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்துவிட்ட காலை உணவுத் திட்டத்தால், ஐந்தாம் வகுப்பு வரை காலையிலும் பொங்கலோ கிச்சடியோ உப்புமாவோ கிடைக்கிறது. பசி மிச்சம் இருப்பது ஞாயிற்றுக்கிழமையில், விடுமுறையில், பள்ளிக்கூடப் பக்கமே போகாத பிள்ளைகளிடத்தில்.

அப்படிப்பட்ட பிள்ளைகள் எங்கள் மண்ணூர்பேட்டையைச் சுற்றி நிறைய இருக்கிறார்கள். 1960-களில் உருவான அம்பத்தூர் தொழிற்பேட்டை எங்கள் தெருக்களை ஒட்டியே இருக்கிறது. ஒரு காலத்தில் வட ஆற்காட்டிலிருந்தும் தென் மாவட்டங்களிலிருந்தும் வேலை தேடி வந்தார்கள்; இப்போது ஒடிசா, பீகார், ஜார்க்கண்டிலிருந்து வருகிறார்கள். கட்டட வேலைக்கு வந்த குடும்பங்கள் தகரக் கொட்டகையில் தங்குகின்றன. அப்பா அம்மா இரண்டு பேரும் விடிந்ததும் சைட்டுக்குப் போய்விடுவார்கள், ஞாயிறும் சேர்த்து. ஞாயிறுதோறும் இந்தப் பிள்ளைகளுக்குச் சமைத்துப் போடுகிற நாங்களும் அந்தத் தொழிற்பேட்டையில் வேலை பார்க்கிறவர்கள்தான். ஒருவன் லேத் பட்டறை, ஒருத்தி எக்ஸ்போர்ட் கம்பெனியில் டெய்லர், ஓர் அண்ணன் கேன்டீன் மாஸ்டர். பீகார்க்காரத் தம்பி ஒருவன் பின்னால் வந்து சேர்ந்தான். அவன் வந்த பிறகுதான் பிள்ளைகள் எங்களிடம் வாய் திறந்து பேசவே ஆரம்பித்தார்கள்.

அளவுக்கு நாங்கள் கல்யாண மண்டபத்துக் கணக்கு பார்ப்பதில்லை, சத்துணவுக் கணக்கையே வைத்துக்கொண்டோம். மத்திய அரசின் மதிய உணவு விதிப்படி தொடக்கப் பள்ளிப் பிள்ளைக்கு ஒரு வேளைக்கு 100 கிராம் அரிசி, 20 கிராம் பருப்பு, 50 கிராம் காய், 5 கிராம் எண்ணெய். அதற்கு மேல் வகுப்பென்றால் 150 கிராம் அரிசி, 30 கிராம் பருப்பு, 75 கிராம் காய். ஐம்பது சின்னப் பிள்ளைகள் என்றால் 5 கிலோ அரிசி, ஒரு கிலோ பருப்பு, இரண்டரைக் கிலோ காய். இப்படிப் பிரித்துப் பார்த்தால் ஒன்று புரியும்: கை தானாக அரிசியை அள்ளிப் போட்டுவிடும், பருப்பில்தான் சுருக்கும். பருப்பில் சுருக்காதீர்கள். ஆளுக்கொரு முட்டை கட்டாயம்; முட்டை சாப்பிடாத பிள்ளைக்கு வாழைப்பழம். முட்டையை ஓட்டோடு கொண்டுபோய் அங்கே வைத்து உரியுங்கள். நான்கு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு முழு முட்டையைக் கையில் கொடுக்காமல் பிய்த்துக் கொடுங்கள், மஞ்சள் கரு தொண்டையில் அடைக்கும்.

புளி தூக்கலாகப் போட்ட சாம்பார் சாதத்தை ஒடிசாப் பிள்ளைகள் ஓரமாக ஒதுக்கினார்கள். "என்னடா வேணும்?" என்று தம்பி அவர்களுக்குப் புரிகிற மொழியில் கேட்டான். "ஆலு" என்றார்கள் ஒரே குரலில். அன்றிலிருந்து பருப்புச் சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும்தான். தட்டு காலியாகிவிடுகிறது. பசித்த பிள்ளை எதையும் சாப்பிடும் என்று நினைக்கிறவர்கள் அந்தப் பந்தியில் ஒரு நாள் வந்து நிற்க வேண்டும். பிள்ளைக்கு ருசி உண்டு, அதைக் கேட்டுச் சமைப்பதுதான் மரியாதை.

இறக்கி இரண்டு மணி நேரத்துக்குள் பரிமாறிவிடுங்கள். எங்கள் மாஸ்டர் அண்ணன் பதினொன்றரைக்குத்தான் பருப்புச் சாதத்தை இறக்குவார், பன்னிரண்டரைக்குப் பந்தி. விடியற்காலையில் சமைத்து டிரம்மில் மூடி வைக்கிற பேச்சே கிடையாது. வெதுவெதுப்பில் கிடக்கிற சோறு சென்னை வெயிலில் சீக்கிரம் கெட்டுவிடும். எவர்சில்வர் தட்டுகளை ஒருமுறை வாங்கிவிட்டால் போதும், பிளாஸ்டிக் கவர் தொல்லை இல்லை. பந்திக்கு முன்னால் ஒரு வாளித் தண்ணீர், ஒரு சோப்பு. கை கழுவிய பிள்ளைக்குத்தான் தட்டு.

வரிசையில் நிற்க வைத்துக் கொடுப்பதை நான் ஏற்பதில்லை. பாய் விரித்து உட்கார வைத்து, கேட்டுக் கேட்டுப் போட வேண்டும். அப்படி உட்கார்ந்தால்தான் சில விஷயங்கள் கண்ணில் படும். ஏழெட்டு வயதுப் பெண் குழந்தை ஒருத்தி, இடுப்பில் தம்பிப் பாப்பாவோடு வருவாள். ஒரு கை பாப்பாவைப் பிடித்திருக்கும், மறு கையால் பாப்பாவுக்கு ஊட்டுவாள். அவளுக்கென்று கையே இருக்காது. அவள் தட்டில் சோறு ஆறிக் கிடக்கும். எங்கள் டெய்லர் தோழி போய்ப் பாப்பாவை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டாள். அந்தப் பெண் மூன்று முறை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். அதற்குப் பிறகு குழந்தை தூக்கிக்கொள்ள இரண்டு பேர் சும்மா நிற்பது எங்கள் ஏற்பாட்டில் ஒன்றாகிவிட்டது.

போட்டோ வேண்டாம். பராமரிப்பு தேவைப்படும் குழந்தையின் அடையாளத்தை வெளியிடுவது சிறார் நீதிச் சட்டம் 2015-ன்படி குற்றம். சட்டத்தை விடுங்கள், நம் வீட்டுப் பிள்ளை சோற்றுக்குக் கை நீட்டுவதைப் படம் எடுக்க விடுவோமா? குழந்தைகள் இல்லங்களுக்குக் கொடுப்பதென்றால், பதிவு பெற்ற இல்லமா என்று பார்த்துவிட்டு, எந்தத் தேதி காலியாக இருக்கிறது என்று போன் போட்டுக் கேளுங்கள். தீபாவளியன்று பிரியாணி குவியும், சாதாரணச் செவ்வாய்க்கிழமைக்கு ஆள் இருக்காது. பல நேரம் அவர்களுக்குத் தேவை துவரம்பருப்பும் கேஸ் சிலிண்டரும்தான்.

இனி, நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. நாங்கள் போடுவது வாரத்துக்கு ஒரு வேளை. பள்ளியில் சேர்ந்துவிட்டால் ஒரு சின்னப் பிள்ளைக்கு வாரத்துக்குப் பத்து வேளை. எத்தனை அண்டா வைத்தாலும் எங்களால் அதற்கு ஈடுகட்ட முடியாது. 1920-இல் தியாகராயர் காலத்துச் சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பள்ளியில் சோறு போட்டதும், காமராஜர் அதை மாநிலம் முழுக்கக் கொண்டுபோனதும், 1982-இல் எம்.ஜி.ஆர். சத்துணவாக விரித்ததும் பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்குள் கொண்டுவரத்தான். எங்கள் பந்தி அந்த வாசல் வரை கூட்டிப்போகிற வேலையைச் செய்தால் போதும்.

சாப்பிட்டு முடித்ததும், பள்ளியில் சேர்ப்பதற்காகத் தம்பி ஒரு நோட்டில் பெயர், வயது, எந்தக் கொட்டகை என்று எழுதிக்கொள்வான். கல்வி உரிமைச் சட்டம் 2009 தெளிவாகச் சொல்கிறது: 6 முதல் 14 வயதுப் பிள்ளையைப் பிறப்புச் சான்றிதழ் இல்லை என்றோ, டி.சி. இல்லை என்றோ, வருஷ நடுவில் வந்தது என்றோ திருப்பி அனுப்பக் கூடாது. அதைவிடச் சின்னக் குழந்தைக்கு அங்கன்வாடி. சேர்க்கப் போகும்போது பெற்றோரைக் கூடவே அழைத்துப் போங்கள். "லீவு போட்டா கூலி போயிடும்" என்பார்கள். அது உண்மை. அந்த அரைநாள் கூலியை நாங்கள் சோற்றுக்காகச் சேர்த்த பணத்திலிருந்தே கொடுக்கிறோம். அதைவிட நல்ல செலவு எங்கள் கணக்கில் இல்லை. பாஷை தெரியாதே என்று தயங்கும் அம்மாவுக்கு, ஏற்கெனவே சேர்ந்த ஒடிசாப் பிள்ளை ஒன்றைக் கூட்டி வந்து தமிழில் பேசச் சொன்னால் பாதி பயம் போய்விடும்.

சேர்த்த பிள்ளை இரண்டு வாரத்தில் நின்றுவிடுவதும் உண்டு. சைட் மாறியிருக்கும், இல்லை வீட்டில் பாப்பாவைப் பார்த்துக்கொள்ள ஆள் இருக்காது. ஞாயிறு பந்தியில் அதை விசாரித்துவிடுவோம். சோற்றுக்காகச் சேர்க்கும் மாதச் சந்தாவில் ஒரு பங்கை மே மாதத்துக்கென்று தனியாக எடுத்து வையுங்கள். பள்ளி மூடியதும் பந்தியில் கூட்டம் கூடும், ஞாயிறு மட்டும் போதாது. அந்த மாதத்தில் நாங்கள் புதன்கிழமையும் அடுப்பு மூட்டுகிறோம்.