தாவும் தலைவனும் தொடரும் பாங்கனும்

நுழையும்முன்

கூத்துமேடைக்கு அரசன் தனியே வருவதில்லை. கட்டியங்காரன் உடன் நிற்கிறான். அகப்பாடல் தலைவனுக்குப் பாங்கன் உண்டு. பிள்ளைகள் ஆடும் காணொளி விளையாட்டிலும் இத்தகைய இணையரைக் காணலாம். அங்கே பாங்கனை இயக்குபவர் யார், அவர் தவறினால் என்ன நேரும் என்பதைப் பேசுகிறது இப்பாடம்.

வேலூரைச் சூழ்ந்த ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை ஆகிய ஊர்களில் தோல் பதனிடுதலும் காலணி உற்பத்தியும் பெருந்தொழில்கள். காலணியின் மேற்பகுதியைத் தைக்கும் பிரிவுகளில் பெண்களே மிகுதி. பள்ளிவிட்டு வந்த பிள்ளைகள், தாய் பணிமுடித்துத் திரும்பும்வரை ஒருவருக்கொருவர் காவலாக இருக்கும் வீடுகள் இங்குப் பல. அண்ணனுக்குப் பன்னிரண்டு வயது, தங்கைக்கு ஆறு வயது எனக் கொள்வோம். தாயம் என்றால் இருவரும் சேர்ந்து ஆடிவிடலாம். காய்க்கு வயது தெரியாது. கைவிரைவும் கண்விரைவும் வேண்டும் விளையாட்டில் அது நடவாது.

1990களில் நம் ஊர்த் தொலைக்காட்சிப் பெட்டிகளோடு இணைத்து ஆடப்பட்ட கருவிகளுள் பல, ஜப்பானின் நிண்டெண்டோ நிறுவனக் கருவியைப் பார்த்துச் செய்யப்பட்ட மலிவுப் பொருள்கள். ‘கேசட்’டைச் செருகினால் ஆட்டம் தொடங்கும். கம்பியுடன் கூடிய கைப்பிடிகள் இரண்டு இருக்கும். அண்ணன் ஆடத் தங்கை அழுவாள். கம்பி இணைக்கப்படாத கைப்பிடியை அவளிடம் கொடுத்து, “நீயும் ஆடு” என்று ஏமாற்றுவது பல வீடுகளில் நிகழ்ந்த தந்திரம். திரையில் ஓடுபவனைத் தானே ஓட்டுவதாக அவள் சில நாள் நம்புவாள். உண்மை தெரியும் நாளில் அழுகை இருமடங்காகும்.

இவ்வகை விளையாட்டில் தலைவன் ஓடுவான், தாவுவான். ஒரு மேடையிலிருந்து இன்னொரு மேடைக்குப் பள்ளத்தில் விழாமல் செல்வான். அதனால் இதனை மேடைத்தாவல் விளையாட்டு எனலாம். 1981இல் வெளிவந்த ‘டாங்கி காங்’ இதன் முன்னோடிகளுள் ஒன்று. ஷிகெரு மியாமோட்டோ அதனை வடிவமைத்தார். அதில் தாவிய தச்சனே பின்னர் மாரியோ எனும் பெயரில் உலகறிந்த குழாய்ப் பணியாளன் ஆனான். 1985இல் வந்த ‘சூப்பர் மாரியோ பிரதர்ஸ்’ ஆட்டத்தில் அவனுக்கு லூய்ஜி என்னும் தம்பியும் உண்டு. ஆனால் இருவரும் ஒன்றாகத் திரையில் தோன்றார். மாரியோ ஓர் உயிரை இழந்த பிறகே லூய்ஜியின் முறை வரும். ஆகவே இரண்டாம் கைப்பிடியைப் பிடித்திருப்பவர், முதல்வர் எப்போது விழுவார் எனக் காத்திருக்க வேண்டும். அண்ணன் விழவேண்டுமெனத் தங்கையை விரும்பவைக்கும் விதி அது. வடிவமைத்தோர் அவ்வாறு கருதியிருக்கமாட்டார்கள்.

1992இல் சேகா நிறுவனம் வெளியிட்ட ‘சோனிக் 2’ இந்நிலையை மாற்றியது. சோனிக் விரைந்தோடும் நீல முள்ளெலி. காலணி ஊர்ப் பிள்ளைகளின் கண்ணில் முதலில் படுவது அவனுடைய சிவப்புக் காலணியாகத்தான் இருக்கும். அவன் பின்னே இரட்டை வால் நரிக்குட்டியாகிய டெயில்ஸ் ஓடிவருகிறான். இரண்டாம் கைப்பிடியை எவரேனும் இயக்கினால் டெயில்ஸ் அவர் வசமாவான். இயக்காவிடில் தானே தொடர்வான். பள்ளத்தில் விழுந்தாலும் வால்களைச் சுழற்றிப் பறந்து மீள்வான். அவன் வீழ்ச்சியால் சோனிக்கின் உயிர் குறைவதில்லை. ஆறு வயதுச் சிறுமி அஞ்சாமல் ஆடுவதற்கு இது போதும். சிறப்புக் கட்டங்களில் மட்டும் இருவர் சேர்க்கும் வளையங்களும் ஒரே கணக்கில் சேரும்; டெயில்ஸ் அடிபட்டால் அக்கணக்குக் குறையும். வீட்டுச் சண்டை அங்கே தொடங்கும்!

துணைவனுக்கு இத்துணை இடமளிப்பது நம் மரபுக்குப் புதிதன்று. பழைய வட ஆற்காட்டு நிலம் தெருக்கூத்து வளர்ந்த நிலம். அங்கே கட்டியங்காரன் வெறுமனே சிரிக்கவைப்பவன் அல்லன். வந்திருப்பவர் யார், எந்நாட்டவர், எதற்காக வந்தார் என அவன் கேட்க, வேடம் பூண்டவர் விடைகூறுகிறார். விடிய விடிய அமர்ந்திருக்கும் ஊரார் அவ்விடையால் கதையை அறிகின்றனர். அரசன் பாட்டில் உயர்ந்து பேச, இவன் ஊர்ப்பேச்சில் அவனைக் கேலியும் செய்வான். தொல்காப்பியம் சுட்டும் பாங்கனோ, காதலால் நிலைகுலைந்த தலைவனைக் கழறியுரைக்கும் உரிமை உடையவன். இவ்விருவர் கையிலும் வாளில்லை, வாயுண்டு.

இங்கிலாந்தின் ரேர் நிறுவனம் 1998இல் உருவாக்கிய ‘பாஞ்சோ கசூயி’ ஆட்டத்தைக் கட்டியங்காரனை அறிந்தவர் எளிதில் சுவைப்பர். பாஞ்சோ சாதுவான கரடி. அவன் முதுகுப்பையில் கசூயி என்னும் பறவை. சூனியக்காரி கவர்ந்து சென்ற பாஞ்சோவின் தங்கையை மீட்பதே கதை. செங்குத்துச் சரிவில் கரடி வழுக்கும்போது பறவை தன் கால்களை நீட்டி அவனைச் சுமந்து ஏறும். எதிர்ப்படுவோரை எல்லாம் எள்ளி நகையாடும் அதன் வாய், கூத்துமேடைக்கு ஏற்ற வாய்தான். எனினும் இருவரையும் ஒரே கைப்பிடியே இயக்குகிறது. கதைக்குத் துணை கிடைத்தது. தங்கைக்கு இடம் கிடைக்கவில்லை.

அவ்விடத்தைப் பற்றி மிக நுட்பமாகச் சிந்தித்த ஆட்டம், 2009இல் வந்த ‘நியூ சூப்பர் மாரியோ பிரதர்ஸ் வீ’. நால்வர் வரை ஒரே நேரத்தில் ஆடலாம். ஒருவரையொருவர் இடிக்கலாம், தலைமேல் ஏறித் தாவலாம், தூக்கி எறியவும் செய்யலாம். தாண்ட முடியாத பள்ளம் வந்தால் சிறியவர் ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். குமிழி ஒன்று அவரைச் சூழ்ந்துகொள்ளும். மிதந்து சென்று, வேறொருவர் தொட்டு உடைக்கும்வரை அதனுள் இருப்பார். எல்லாரும் ஒரே நேரத்தில் குமிழிக்குள் புகுந்துவிட்டால் அக்கட்டம் தோல்வியில் முடியும். ஒருவரேனும் வெளியே நின்றாக வேண்டும். அண்ணன் பள்ளத்தைத் தாண்ட முயலும்போது, தங்கை இம்முறை அவன் விழக்கூடாதென விரும்புவாள்.

பின்னர் உதவி இன்னும் தாராளமாயிற்று. 2013இல் வந்த லூய்ஜி ஆட்டத்தில் நாபிட் என்னும் முயலுருவினனைப் பகைவர் எவரும் காயப்படுத்த இயலாது. 2017இல் வந்த ‘சூப்பர் மாரியோ ஒடிசி’யில் மாரியோவின் தொப்பியே துணைவன், அதனை இரண்டாமவர் இயக்கலாம். இவை அன்பால் விளைந்த ஏற்பாடுகளே. ஆயினும் அடியே படாத ஒருவர் தாண்டியதைத் தாண்டல் என்று அவரே கருதுவாரா? சிறுவர்கள் இதில் மிகக் கூர்மையானவர்கள். இரக்கத்தால் விட்டுக்கொடுக்கப்பட்ட ஆட்டத்தை உடனே கண்டுகொள்வர். குமிழி விதி அவ்வகையில் மேலானது. அதில் தவறு தவறாகவே நிற்கிறது. மீட்பு இன்னொருவர் கையில் இருக்கிறது.

இன்று ஆம்பூர் வீடுகளில் இக்கருவிகளைவிடக் கைபேசியே மிகுதி. அதன் திரை ஒருவர் உள்ளங்கைக்கு அளவானது. இரண்டாம் கைப்பிடி அதில் இல்லை. துணைவன் தோன்றினாலும் பெரும்பாலும் அவனை நிரலே இயக்குகிறது. தங்கை அண்ணனின் தோளுக்குப் பின்னிருந்து எட்டிப் பார்க்கிறாள். “இப்போ குதிண்ணா!” என்று கூவுகிறாள். தாவ வேண்டிய நொடியை அவனுக்கு முன்பே அவள் கண்டுவிடுவதும் உண்டு.