பெட்டி இழைக்கப் பழகு

முருங்கன்

அன்புள்ள பெறாமகளுக்கு,

வேலை முடிந்து அறைக்குத் திரும்பினால் ஒன்றிலும் மனம் பிடிப்பதில்லை, ஃபோனைப் பார்த்தபடியே நித்திரையாகிவிடுகிறேன் என்று எழுதியிருந்தாய். சம்பளத்தில் குறையில்லை, கூட இருக்கும் பிள்ளைகளும் நல்லவர்கள், ஆனாலும் நாள் சப்பென்று போகிறது என்றாய். வாசித்ததும் முதலில் யோசித்தது உன் உடம்பைத்தான். நித்திரையும் சாப்பாடும் கெட்டிருந்தால், அழுகை அடிக்கடி வந்தால், தள்ளிப்போடாமல் ஒரு வைத்தியரைப் பார். அப்படி ஒன்றும் இல்லை, வெறும் சலிப்புத்தான் என்றால் நான் அனுப்புகிற ஓலைக்கட்டை அவிழ். தலைமன்னாரில் இருந்து கொழும்புக்கு வரும் ரயிலில், தெரிந்த ஒருவரிடம் கொடுத்துவிடுகிறேன். கோட்டை நிலையத்தில் வாங்கிக்கொள்.

கட்டுக்குள் இருப்பது பனங்குருத்து. விரியாத இளம் ஓலையை வெட்டி, வெயிலில் வெளிறக் காயவிட்டு, ஈர்க்கைக் கழற்றி வைத்திருக்கிறேன். பாதியைச் சுண்டுவிரலின் பாதி அகலத்துக்கு வார்ந்திருக்கிறேன். மீதியை நீயே வார வேண்டும். அதற்குச் சத்தகமும் கட்டுக்குள் இருக்கிறது, கடதாசியில் சுற்றி. அதன் முனை கூர், கவனம். ஓலை எல்லாம் ஒரே அகலமாக இருந்தால் பாதி வேலை முடிந்தது. அகலம் மாறினால் பின்னல் ஓரிடத்தில் இறுகும், ஓரிடத்தில் வாய் பிளக்கும். பிறகு என்ன செய்தாலும் நேராகாது. கொழும்புக் காற்றில் ஈரம் அதிகம். ஓலையைப் பொலித்தீன் பையில் கட்டி வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும். பழைய பத்திரிகையில் சுற்றிக் கட்டிலுக்கு அடியில் அல்ல, காற்றுப் படும் இடத்தில் வை.

முதலில் ஒரு சின்னப் பெட்டி. இழைக்கத் தொடங்குமுன் ஈரத்துணியால் ஓலையைத் துடைத்துக்கொள், இல்லாவிட்டால் மடிக்கும் இடத்தில் வெடிக்கும். எட்டு ஓலையை நிலத்தில் பக்கம் பக்கமாக வை. வேறு எட்டை அவற்றுக்குக் குறுக்கே, ஒன்றுக்கு மேல் ஒன்றுக்குக் கீழ் என்று நடுவில் கோத்து நெருக்கு. சதுரமான பின்னல் ஒன்று கிடைக்கும், நாலு பக்கமும் ஓலை வால்கள் நீட்டிக்கொண்டு நிற்கும். இங்கேதான் பழகுகிறவர்கள் எல்லோரும் தடுமாறுவார்கள். பெட்டியின் மூலை அந்தச் சதுரத்தின் மூலையில் வராது. ஒவ்வொரு பக்கத்தின் நடுவில்தான் வரும். ஒரு பக்கத்து எட்டு வால்களில் நாலாவதையும் ஐந்தாவதையும் ஒன்றை ஒன்று தாண்டவிட்டு இறுக்கிப் பிடி. தட்டையாகக் கிடந்தது அந்த இடத்தில் தானே மேலெழும்பும். நாலு பக்கமும் அப்படிச் செய்தால் நாலு மூலை, நடுவில் அடி. அதற்குப்பிறகு சுவரைச் சுற்றிச் சுற்றி மேலே கொண்டு போகலாம். அடி சதுரமாக இருக்கும், வாய் மெல்ல மெல்ல வட்டமாகும். போதிய உயரம் வந்ததும் வால்களை ஒவ்வொன்றாக வளைத்துப் பின்னலுக்குள் செருகி, மிச்சத்தை நறுக்கிவிடு.

அந்த மூலை எழும்பும் கணம் ஒன்றுக்காகவே நான் இதை உனக்குச் சொல்லித் தருகிறேன் என்று வைத்துக்கொள். உன் வேலை கணினியில். மாதக்கணக்கில் செய்தாலும் அது எங்கே போய்ச் சேர்ந்தது, யாருக்கு உதவியது என்று உன் கண்ணுக்குத் தெரிவதில்லை. இது உன் மடியில் நடக்கிறது. நாலாவதும் ஐந்தாவதும் தாண்டினால் மூலை வரும், தாண்டாவிட்டால் வராது. பிழை உடனே தெரியும், அவிழ்த்துத் திருத்தலாம், ஒருவரும் கேள்வி கேட்கமாட்டார்கள். நாளொன்றில் இப்படி ஒரு விஷயமாவது நம் கைக்கு அடங்கியதாக இருக்க வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

முருங்கனில் இதற்கென்று ஒரு காலம் இருந்தது. நம் ஊர்க் கரிய களிமண்ணை நீ மறந்திருக்க மாட்டாய். மாரியில் செருப்பைப் பிடித்து இழுக்கும், கோடையில் பிளந்து கிடக்கும். கட்டுக்கரைக் குளத்துத் தண்ணீரில் பெரும்போகம் விளைந்து, அரிவு வெட்டும் சூடடிப்பும் முடிந்தால் வயலில் வேலை குறையும். அப்போதுதான் வீட்டுத் திண்ணைகளில் ஓலை வந்து குவியும். சுளகு, கடகம், நீத்துப்பெட்டி, பாய், தடுக்கு, உமல் என்று அடுத்த வருஷத்துக்கு வீட்டுக்கு வேண்டியதெல்லாம் அந்த மாதங்களில் இழைக்கப்படும். நாலைந்து பெண்கள் கூடியிருந்தால் கை தன்பாட்டில் ஓடும், வாய் ஊர்க்கதை எல்லாம் பேசும். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் கதைப்பதால், மற்ற நேரத்தில் சொல்லத் தயங்குகிற கவலைகூட அங்கே வெளியே வரும். துக்க வீட்டில் இருந்து திரும்பியவர்கள் பேசாமல் வந்து இருந்து நாலு ஓலை வார்ந்துவிட்டுப் போனதையும் கண்டிருக்கிறேன். ஆகையால் நீயும் தனியாக இழைக்காதே. அறையில் இருக்கும் மற்றப் பிள்ளைகளுக்கும் ஆளுக்கு ஒரு பிடி ஓலை கொடு.

கைவேலை மனதைத் தேற்றும் என்பது நம் ஊர்ப் பெண்களின் நம்பிக்கை மட்டும் அல்ல. அமெரிக்காவில் 1917ஆம் ஆண்டு தொழில்வழிச் சிகிச்சைக்கென்று ஒரு சங்கம் தொடங்கினார்கள். முதலாம் உலகப் போரில் காயப்பட்டு, மனம் நொந்து வந்த சிப்பாய்களுக்கு ஆஸ்பத்திரிகளில் கூடை பின்னவும் நெசவு செய்யவும் பழக்கினார்கள். கையை வேலைக்குப் பழக்கினால் மனமும் பின்னால் வரும் என்பது அவர்களின் அனுபவம்.

நம் நாட்டவரான ஆனந்த குமாரசுவாமியைப் பற்றியும் நீ வாசிக்க வேண்டும். கொழும்பில் 1877இல் பிறந்தவர், சேர் முத்துக்குமாரசுவாமியின் மகன். கனிம ஆராய்ச்சிக்காக இலங்கை முழுவதும் அலைந்தவர், போன இடமெல்லாம் கைவினைஞர்களைக் கண்டார்; அந்தத் திறமைகள் அழிந்து கொண்டிருப்பதையும் கண்டார். இடைக்காலச் சிங்களக் கலை பற்றி 1908இல் அவர் வெளியிட்ட பெரிய நூலைக்கூட, ஆங்கிலேயக் கைவினைஞர் வில்லியம் மொரிஸ் பயன்படுத்திய கை அச்சுப்பொறியிலேயே அச்சிட்டார். கைவினை வீட்டு வாழ்க்கையில் இருந்து பிரிந்தால் அலங்காரப் பொருளாகிவிடும் என்ற கவலை அவருக்கு இருந்தது. அவருடன் இங்கே வந்து, இந்த நாட்டு நெசவையும் தையலையும் கூர்ந்து கவனித்த மனைவி எதெல், பின்னாளில் இங்கிலாந்தில் பேர்பெற்ற நெசவாளர் ஆனார். இயற்கைச் சாயங்கள் பற்றி 1916இல் ஒரு நூலும் எழுதினார். என் மனதில் கூடுதலாக நிற்பவர் அவர்தான். பார்த்ததோடு நிற்கவில்லை, கையால் செய்து பார்த்தார்.

நீ இழைப்பதை அலுமாரிக்குள் காட்சிக்கு வைக்காதே. முதல் பெட்டி கோணலாகத்தான் வரும். அதில் வெங்காயம் போடு, தேசிக்காய் போடு, வீட்டுத் திறப்பைப் போடு. பாவிக்கப் பாவிக்கத்தான் அது உன் வீட்டுப் பொருளாகும். அறையில் காஸ் அடுப்பு இருக்கிறது என்றாயே, கட்டுக்குள் ஒரு நீத்துப்பெட்டியும் வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை அதில் பிட்டு அவி. வெள்ளவத்தைக் கடையில் பிட்டு வாங்கலாம், தெரியும். ஆனால் கூம்பான அந்தப் பெட்டியில் ஆவி ஏறும்போது ஓலை வாசமும் தேங்காய்ப்பூ வாசமும் கலந்து அறை முழுக்க நிற்கும். அதைக் கடையில் கட்டித் தரமாட்டார்கள். நாலு பேர் நிலத்தில் இருந்து சாப்பிட்டுப் பாருங்கள். கை பழகிப் பெரிய பெட்டி இழைத்ததும் சந்தைக்கும் அதைக் கொண்டு போ. மெல்லிய பொலித்தீன் பைகளையும் சாப்பாடு சுற்றும் தாளையும் அரசாங்கம் 2017 செப்டெம்பரில் தடை செய்தது. இன்னும் அவை ஒழியவில்லை. ஓலைப்பெட்டி கொண்டு போகிறவளுக்கு அந்தத் தடையே தேவையில்லை.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். இரண்டு பெட்டி நல்லாய் வந்ததும், "இதை விற்கலாமே, படம் எடுத்துப் போடலாமே" என்று யாராவது சொல்வார்கள். வேண்டாம். உனக்குச் சம்பளம் இருக்கிறது. இது உன் ஆறுதலுக்கு. விற்கத் தொடங்கினால் எத்தனை, எவ்வளவு, எப்போது என்ற கணக்கு இதற்குள்ளும் வந்துவிடும், அதில் இருந்து விலகத்தானே நீ இதைத் தொட்டாய்? மன்னார் மாவட்டத்தில் இதையே நம்பி அடுப்பு எரிக்கிற பெண்கள் இருக்கிறார்கள். யுத்தத்தில் கணவனை இழந்து, பிள்ளைகளைத் தனியாக வளர்த்தவர்களும் அவர்களுக்குள் உண்டு. அவர்களுக்கு ஓலை ஆறுதல் மட்டும் அல்ல, முதுகுவலியும் கூலியும்கூட. ஒரு பெட்டிக்கு எத்தனை மணித்தியாலம் போகிறது என்று உன் கைக்குத் தெரிந்த பிறகு, அவர்களிடம் விலை குறைத்துக் கேட்க உனக்கு மனம் வராது. நல்ல வேலைப்பாடு வேண்டுமென்றால் அவர்களிடம் வாங்கு. பனை அபிவிருத்திச் சபை 1978இல் தொடங்கியது. அதன் கற்பகம் கடை கொழும்பிலும் இருக்கிறது. ஒரு நாள் போய், பெட்டிகளைத் திருப்பித் திருப்பிப் பார். விளிம்பை எப்படி மடித்திருக்கிறார்கள், மூடி எப்படி இறுக்கமாக உட்காருகிறது என்று பார். படிப்பதற்கு அதைவிட நல்ல இடம் கிடையாது.

அடுத்த குருத்தோலை ஞாயிறுக்கு லீவு போட்டு வா. நம் ரயில் 1990இல் நின்றுபோய், 2015 மார்ச்சில்தான் தலைமன்னார்வரை திரும்ப ஓடியது. அந்த இருபத்தைந்து வருஷம் கொழும்புப் பயணம் என்றாலே உன் அம்மாவும் நானும் எவ்வளவு அல்லற்பட்டோம் என்பதை அவளிடம் கேள். இப்போது ஒரே இருப்பில் வந்து முருங்கனில் இறங்கலாம். குருத்தோலையில் சிலுவை பின்னத் தெரியாத சின்னதுகள் இப்போது பங்கில் நிறைய. ஆசீர்வதித்த ஓலையைக் கையில் பிடித்துக்கொண்டு, என்ன செய்வதென்று தெரியாமல் சுருட்டிக்கொண்டு நிற்கும். பூசை முடிந்ததும் அவர்களைச் சுற்றிவர இருத்திப் பழக்குவது உன் பொறுப்பு. பெட்டி இழைத்த கைக்குச் சிலுவை பெரிய வேலை இல்லை.

அடுத்த முறை சாயம் போட்ட ஓலை அனுப்புகிறேன். கொதிக்கும் சாயத் தண்ணீரில் ஓலையை அமுக்கிப் பிடித்து நிறம் ஏற்றி, நிழலில் உலர்த்த வேண்டும். அதை உன் அறையில் செய்ய முடியாது, நான் செய்து தருகிறேன். சிவப்பு வேண்டுமா பச்சை வேண்டுமா என்று எழுது. பெட்டியின் வாய் எத்தனை அங்குலம் வந்தது என்பதையும் அளந்து எழுது, மூடிக்கு அதைவிடக் கொஞ்சம் நீளமாக வார வேண்டும்.

அன்புடன்,
சித்தி