ஆர்லாண்டோ குழுவுக்கு டேபிள் பிடிப்பது எப்படி?

வெளிநாட்டுச் சுற்றுலா நடத்தும் நிறுவனத்தில் சேர்ந்திருக்கிறீர்கள். முதல் ஆர்லாண்டோ குழு உங்கள் கைக்கு வந்திருக்கிறது. விமான டிக்கெட்டும் ஓட்டல் வவுச்சரும் கைக்கு வந்த கையோடு பார்க்க வேண்டியது சாப்பாட்டு டேபிள். அங்குள்ள வால்ட் டிஸ்னி வேர்ல்டில் மேஜிக் கிங்டம், எப்காட், ஹாலிவுட் ஸ்டூடியோஸ், அனிமல் கிங்டம் என்று நான்கு பூங்காக்கள். உட்காரவைத்துப் பரிமாறும் உணவகங்களில் பெயர்பெற்றவை முன்பதிவிலேயே நிரம்பிவிடும். குழந்தைகள் ஆசைப்படும் சிண்ட்ரெல்லா ராயல் டேபிள் மேஜிக் கிங்டமின் கோட்டைக்குள்ளேயே இருக்கிறது. வாசலில் போய்க் கேட்டு அங்கே இடம் கிடைப்பது அபூர்வம். காலையிலிருந்து வெயிலில் நடந்து களைத்த பாட்டியிடமும் பேரனிடமும் ‘இடமில்லையாம்’ என்று சொல்லும் நிலை எந்த டூர் மேனேஜருக்கும் வரக்கூடாது. அதைத் தவிர்க்கும் வேலை சென்னையில் உங்கள் கம்ப்யூட்டர் முன்னாலேயே தொடங்குகிறது.

முன்பதிவு 60 நாட்களுக்கு முன் திறக்கிறது. ஆறு மாதம் முன்னாலேயே போடலாம் என்று ஆபீஸில் சீனியர் யாராவது சொன்னால், அது 180 நாள் விதி இருந்த காலத்துக் கணக்கு. டிஸ்னியின் சொந்த ஓட்டலில் குழு தங்கினால் ஒரு பெரிய சலுகை உண்டு: ஓட்டலில் இறங்கும் தேதிக்கு 60 நாட்களுக்கு முன், தங்கும் நாட்களில் 10 நாள் வரைக்கும் ஒரே மூச்சில் பதிவு செய்துவிடலாம். மே 15 இறங்கி மே 22 கிளம்பும் குழுவுக்கு மார்ச் 16 அன்றே எல்லாச் சாப்பாட்டையும் முடித்துவிடலாம். வெளி ஓட்டலில் தங்குபவர்கள் ஒவ்வொரு நாளுக்கும் தனித்தனியாகத்தான் காத்திருக்க வேண்டும். ஆகவே கிடைக்கச் சிரமமான டேபிளைப் பயணத்தின் கடைசி நாட்களில் வையுங்கள். மார்ச் 16 அன்று வெளி ஓட்டல்காரர்களுக்கு மே 15 வரைதான் திறந்திருக்கும்; மே 20, 21 தேதிகளுக்குப் போட்டி குறைவு. முதல் நாளிலிருந்து வரிசையாகப் போட்டுக்கொண்டு வருவதுதான் புதிதாக வருபவர்கள் வழக்கமாகச் செய்வது. அதைத் தலைகீழாக்குங்கள்.

இணையத்தில் பதிவு திறப்பது ஃபுளோரிடா நேரம் காலை 6 மணி. நமக்கு அது பிற்பகல் 3.30. நவம்பர் முதல் ஞாயிறு தொடங்கி மார்ச் இரண்டாம் ஞாயிறு வரை அவர்கள் கடிகாரம் ஒரு மணி நேரம் மாறிவிடுவதால் அந்த மாதங்களில் 4.30. அங்கே குடும்பங்கள் அரைத்தூக்கத்தில் எழுந்து போராடும் நேரம், நமக்கு ஆபீஸ் நேரம். ஆனால் அதே நேரத்தில்தான் டீயும் வரும், மேனேஜர் மீட்டிங்கும் வரும். அன்றைக்கு மட்டும் அந்த அரைமணியை யாருக்கும் கொடுக்காதீர்கள். கால்மணி முன்னதாகவே உள்நுழைந்து, எந்த உணவகம், எந்த நாள், எத்தனை பேர் என்று ஒரு தாளில் முன்னுரிமைப்படி எழுதிப் பக்கத்தில் வைத்திருங்கள். பதிவுக்கு கிரெடிட் கார்டு கேட்கும். நம் நாட்டு வங்கிக் கார்டில் வெளிநாட்டு இணையப் பரிவர்த்தனையை நாமே இயக்கிவைத்தால்தான் வேலை செய்யும். அதை முந்தின நாளே சரிபார்த்துவிடுங்கள்.

12 பேர் குழு என்றால் 12 பேருக்கு ஒரே டேபிள் தேடாதீர்கள். நான்கு நான்கு பேராக, கால்மணி இடைவெளிக்குள் மூன்று பதிவு தேடினால் கிடைக்கும் வாய்ப்பு அதிகம். பக்கத்துப் பக்கத்தில் உட்காரவைக்கச் சொல்லி அங்கே போய்க் கேட்கலாம். ஆனால் வாடிக்கையாளரிடம் அதை முன்கூட்டியே உறுதி சொல்லிவிடாதீர்கள். கைக்குழந்தையும் எண்ணிக்கையில் சேரும். பஃபேயில் 3 வயதுக்குக் கீழே கட்டணம் இல்லை, 3 முதல் 9 வரை குழந்தைக் கட்டணம், 10 ஆனால் பெரியவர் கட்டணம். பாஸ்போர்ட் நகலைப் பார்த்து வயதை எழுதுங்கள். பெற்றோர் வாய்வார்த்தையாகச் சொல்வது போதாது.

பெரும்பாலான இடங்களில் 2 மணி நேரம் முன்புவரை ரத்து செய்யலாம். ரத்து செய்யாமலும் போகாமலும் விட்டால் தலைக்கு 10 டாலர். 12 பேருக்கு 120. ஒரே இரவுக்கு இரண்டு மூன்று இடம் பிடித்து வைத்துக்கொண்டு கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடுவது நல்ல தொழில்முறை இல்லை. நீங்கள் அடைத்து வைத்திருப்பது இன்னொரு குடும்பத்தின் இடம்.

அந்த 2 மணி நேர விதிதான் முன்பதிவு இல்லாதவர்களுக்கும் கைகொடுக்கிறது. இரவு 7 மணிக்கு டேபிள் வேண்டுமென்றால் மாலை 5 மணியை ஒட்டி டிஸ்னியின் மை டிஸ்னி எக்ஸ்பீரியன்ஸ் ஆப்பைத் திரும்பத் திரும்பப் பாருங்கள். திட்டம் மாறியவர்கள் அபராதத்துக்குப் பயந்து விடுவிக்கும் நேரம் அது. அதே ஆப்பில், சில உணவகங்களுக்கு நேரில் வருவோருக்கான காத்திருப்புப் பட்டியலும் உண்டு. உணவகத்துக்கு அருகில் இருந்தால்தான் அதில் சேர முடியும். குழுவை நிழலில் உட்காரவைத்துவிட்டு நீங்கள் மட்டும் முன்னால் நடந்து போய்ச் சேருங்கள்.

பட்டியல் மூடியிருந்தாலும் வாசலில் நிற்கும் ஹோஸ்ட்டிடம் ஒரு வார்த்தை கேட்கலாம். எப்படிக் கேட்கிறோம் என்பதில் இருக்கிறது. ‘12 பேர், இடம் இருக்கா?’ என்றால் இல்லை என்பது எளிது. ‘நாலு நாலாகப் பிரிந்து உட்காரத் தயார், அரைமணி காத்திருப்போம், இப்போது எதற்காவது பெயர் கொடுக்கலாமா?’ என்று கேளுங்கள். அவரும் திரையைப் பார்த்து யோசிக்க வழி கிடைக்கிறது. பிற்பகல் 3, 4 மணிக்குக் கூட்டம் தளரும், அப்போது கேட்பது இன்னும் நல்லது. மேஜிக் கிங்டமில் ஜங்கிள் ஸ்கிப்பர் கேன்டீனில் மற்ற இடங்களைவிட எளிதாக இடம் கிடைக்கும். அனிமல் கிங்டமில் டிஃபின்ஸ் உணவகத்தை ஒட்டிய நோமாட் லவுஞ்சில் சிறுதட்டு உணவு கிடைக்கும். இரண்டு மூன்று பேருக்குப் போதும்.

பூங்காவுக்கு வெளியே, டிஸ்னி ஓட்டல்களுக்குள் இருக்கும் உணவகங்களைப் புதியவர்கள் மறந்துவிடுகிறார்கள். அங்கே பூங்கா டிக்கெட் தேவையில்லை. மேஜிக் கிங்டமிலிருந்து மோனோரயிலில் கன்டெம்பரரி, பாலினேசியன், கிராண்ட் ஃப்ளோரிடியன் மூன்றுக்கும் போகலாம். நம்மூர்க் குழுவுக்கு நான் முதலில் சொல்வது அனிமல் கிங்டம் லாட்ஜின் சனா. நான், குல்ச்சா, பராத்தா வகைகளும் சட்னி, ஊறுகாய், ராய்த்தா என்று 9 தொட்டுக்கைகளும் ஒரே தட்டில் வரும். ஜன்னலுக்கு அப்பால் ஒட்டகச்சிவிங்கி மேய்ந்துகொண்டிருக்கும். சைவம் சாப்பிடும் பெரியவர்கள் இரண்டு நாள் பர்கரும் பீட்சாவும் பார்த்த பிறகு அங்கே முகம் மலர்ந்து சாப்பிடுவார்கள். மூன்றாம் நாள் இரவுக்கு அதைப் போடுங்கள்.

மதியச் சாப்பாட்டைக் கவுண்டர் உணவகங்களில் முடிப்பதே நல்லது. ஆப்பில் மொபைல் ஆர்டர் உண்டு. எந்த நேரம் வந்து வாங்குவீர்கள் என்று கேட்கும். 12 மணிக்குப் பசியெடுத்த பிறகு தேடினால் நேரம் தள்ளிக் காட்டும். காலையில் பூங்கா பஸ்ஸில் ஏறியதுமே ஆர்டரைப் போட்டுவிடுங்கள். முட்டை, வெங்காயம், பூண்டு சேர்க்காதவர்கள், நிலக்கடலை ஒவ்வாமை உள்ளவர்கள் பெயர்களைத் தனிச் சீட்டில் எழுதிச் சட்டைப்பையில் வைத்திருங்கள். உட்காரும் உணவகத்தில் ஒவ்வாமை என்று சொன்னால் செஃபே டேபிளுக்கு வந்து பேசுவதுண்டு. அப்போது அந்தக் குடும்பத்தின் பக்கத்தில் நின்று மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான்.